தோன்றா எழுவாயும் நின்றுபோன நிரலும்

அச்சேறிய நூல் ஒன்று நூறாண்டு கழிந்த பின்னரும் அச்சேறிய நாளில் இருந்தவாறே இருக்கும். தாள் பழுப்பேறலாம், கட்டு அவிழலாம், எழுத்து மாறுவதில்லை, கற்றோர் எவரும் அதனை எடுத்துப் படிக்கலாம். கணினிக்கென எழுதப்பட்ட நிரலுக்கோ அந்நற்பேறு வாய்க்கவில்லை. அதன்கண் ஓரெழுத்தும் மாறாதிருக்க, சென்ற ஆண்டு செவ்வனே இயங்கிய நிரல் இவ்வாண்டு இயங்க மறுத்து நிற்பதுண்டு. நிரல் மாறவில்லை, அதனைப் படிக்கும் கணினியின் சூழலே மாறிவிட்டது.

இஃது ஏதோ பொறியாளர்க்கு மட்டும் உரிய சிறு தொல்லை எனக் கருதுவார் உளர். அங்ஙனம் கருதுதல் பொருந்தாது. இன்றைய அறிவியலில் எத்தனையோ முடிவுகள் கணினி நிரலின் துணைகொண்டே காணப்படுகின்றன. அந்நிரலை மற்றொருவர் இயக்கிப் பார்க்க இயலாதாயின், அம்முடிவு மெய்யா பொய்யா என்பதை ஆராயும் வழியும் அடைபட்டுவிடும். இவ்வுண்மையை விளக்க, லினக்ஸ் இயங்குதளத்தில் என்.எஸ்.-2 என்னும் பிணையப் பாவனை மென்பொருளை நிறுவுவதில் எழுந்த இடர்ப்பாடு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

பாவனை ஏன் வேண்டும்?

கணினிகள் பல ஒன்றோடொன்று இணைந்து செய்தி பரிமாறிக்கொள்ளும் அமைப்பே பிணையம் எனப்படும். பிணையத்தில் செய்தி முழுமையாக ஒரே வீச்சில் செல்வதில்லை. அது சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படும். வழியில் உள்ள திசைவி என்னும் கருவி, வரும் பொதிகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அடுத்த வழியில் செலுத்தும். வரிசை நிரம்பிவிடின், பின்வரும் பொதிகள் கைவிடப்படும். கைவிடப்பட்ட பொதியை அனுப்பிய கணினி மீண்டும் அனுப்ப வேண்டும்.

இதில் ஒரு பேராபத்து மறைந்திருக்கிறது. நெரிசலால் பொதிகள் இழக்கப்படும்போது எல்லாக் கணினிகளும் விரைந்து மீண்டும் அனுப்பத் தொடங்கின், நெரிசல் மேலும் பெருகும். பெருகிய நெரிசலால் இழப்பும் பெருகும். 1986ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இத்தகைய நிகழ்ச்சி மெய்யாகவே நேர்ந்தது. அமெரிக்க நாட்டில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்திற்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திற்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 400 கஜம். அவ்விரண்டிற்கும் இடையே நொடிக்கு 32,000 பிட் அளவில் சென்ற தரவு, நொடிக்கு 40 பிட் அளவிற்கு வீழ்ந்தது. அஃதாவது எண்ணூறில் ஒரு பங்காயிற்று. இதன் காரணத்தை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், நெரிசலை உணர்ந்து அனுப்பும் விரைவைக் குறைத்துக்கொள்ளும் முறையை 1988ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்றும் இணையம் சீராக இயங்குவதற்கு அம்முறையின் வழிவந்தவை துணையாக உள்ளன.

இத்தகைய புதிய முறை ஒன்றை எங்ஙனம் சோதிப்பது? இயங்கிக்கொண்டிருக்கும் பிணையத்தில் அதனைப் புகுத்திப் பார்ப்பது, மக்கள் செல்லும் பாலத்தின் தூணைக் கழற்றி அதன் வலிமையை அறிய முற்படுவது போன்றதாகும். ஆயிரம் கணினிகளை விலைக்கு வாங்கிச் சோதனைக்கென ஒரு பிணையம் கட்டுவதும் எளிதன்று. எனவே, பிணையத்தின் இயல்புகளைக் கணக்காக்கி, ஒரே கணினிக்குள் அதனைப் போலச் செய்து காண்கின்றனர். ஆங்கிலத்தில் சிமுலேஷன் எனப்படும் இதுவே பாவனை.

பாவனையின் நுட்பம் எளியது. எடுத்துக்காட்டாக, நொடிக்கு பத்து இலட்சம் பிட் செல்லக்கூடிய ஓர் இணைப்பில் 1000 பைட் அளவுள்ள பொதி ஒன்றை அனுப்புவதாகக் கொள்ளலாம். 1000 பைட் என்பது 8000 பிட். ஆகவே அப்பொதி முழுதும் வெளியேற 8 மில்லிநொடி ஆகும். இணைப்பைக் கடக்க 10 மில்லிநொடி ஆகுமாயின், பொதி மறுமுனை சேர்வது 18ஆம் மில்லிநொடியில். பாவனை நிரல் இடைப்பட்ட காலத்தில் வாளா காத்திருப்பதில்லை. 'பொதி வெளியேறியது', 'பொதி சேர்ந்தது' என்னும் நிகழ்வுகளைக் கால வரிசைப்படி குறித்துக்கொண்டு, ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்விற்குத் தன் கடிகாரத்தைத் தாவச் செய்கிறது. இங்ஙனம் இலட்சக்கணக்கான பொதிகளின் பயணத்தைக் கணக்கிட்டுக் காட்டுவதே அதன் தொழில்.

என்.எஸ். வந்த வழி

என்.எஸ். என்பது 'பிணையப் பாவனையி' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். இது 1989ஆம் ஆண்டில், ரியல் என்னும் முந்தியதொரு பாவனை நிரலின் கிளையாகத் தொடங்கியது. பின்னர் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் மெக்கான், சாலி ஃபிளாய்ட், கெவின் ஃபால் ஆகியோர் இதன் முதற்பதிப்பை உருவாக்கினர். நெரிசல் நேர்ந்த அதே ஆய்வுக்கூடத்தில் நெரிசலை ஆராயும் கருவியும் பிறந்தது என்பது கருதத்தக்கது. 1995 முதல் விண்ட் என்னும் கூட்டுத் திட்டத்தின்கீழ், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பாவின் உதவியுடன், பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் சேர்ந்து இதனை வளர்த்தன. அதன் பயனாக வந்ததே என்.எஸ்.-2.

இக்கருவியின் பயனை ஒரு சான்றால் அறியலாம். 1996ஆம் ஆண்டில் கெவின் ஃபாலும் சாலி ஃபிளாய்டும் தாகோ, ரீனோ, புதிய ரீனோ, சாக் என்னும் நால்வகை அனுப்பு முறைகளைப் பாவனையில் ஒப்பிட்டுக் காட்டினர். ஒரே சமயத்தில் பல பொதிகள் இழக்கப்படும்போது ரீனோ முறை தடுமாறுவதும், எவ்வெப் பொதிகள் வந்து சேர்ந்தன என்பதைத் தெரிந்தறிவிக்கும் சாக் முறை விரைந்து மீள்வதும் அதனால் தெளிவாயின. அவ்வாண்டிலேயே சாக் முறை இணைய நெறிமுறையாகவும் வரையறுக்கப்பட்டது.

என்.எஸ்.-2 இரு மொழிகளால் ஆனது. பொதிகளை ஒவ்வொன்றாகக் கையாளும் உள்வேலை விரைவாக நடைபெற வேண்டியிருப்பதால், அது சி பிளஸ் பிளஸ் மொழியில் அமைந்துள்ளது. எத்தனை கணுக்கள், எவ்வகை இணைப்புகள், எந்நேரத்தில் எதனைத் தொடங்குவது என்பன போன்ற அமைப்புக் குறிப்புகள் ஆய்வாளர் அடிக்கடி மாற்றுவன. ஆதலின் அவை ஓ.டி.சி.எல். என்னும் எளிய கட்டளை மொழியில் எழுதப்படுகின்றன. இதன் 2.35ஆம் பதிப்பு 2011ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளிவந்தது. இடர்ப்பாட்டின் கதை இப்பதிப்பைப் பற்றியதே.

லினக்ஸில் நிறுவும் முறை

லினக்ஸ் என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் தொடங்கிய இயங்குதளம். அதன் மூலநிரல் யாவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. என்.எஸ்.-2 மென்பொருளும் அத்தகையதே. ஆதலின் அதனை நிறுவுதல் என்பது, சமைத்த உணவைப் பெற்று உண்பதன்று. அரிசியும் பருப்பும் பெற்று வந்து, தன் வீட்டு அடுப்பில் தானே சமைத்துக்கொள்வதாகும். மனிதர் படிக்கத்தக்க மூலநிரலை, எந்திரம் செயற்படுத்தத்தக்க வடிவிற்கு மாற்றும் சமையற்காரர் ஒருவர் உண்டு. கம்பைலர் என வழங்கும் நிரல்பெயர்ப்பியே அவர். லினக்ஸில் பெரிதும் வழங்கும் நிரல்பெயர்ப்பி ஜி.சி.சி. என்பதாம்.

நிறுவுவோர்க்கு எளிதாகும் பொருட்டு, வேண்டிய உறுப்புகள் யாவும் 'ஆல் இன் ஒன்' என்னும் ஒரே கட்டாகத் தரப்பட்டுள்ளன. அக்கட்டைப் பிரித்து, அதனுள் உள்ள 'இன்ஸ்டால்' என்னும் கட்டளைக் கோப்பை இயக்கினால், ஒவ்வோர் உறுப்பும் முறையாகப் பெயர்க்கப்படும். முதலில் டி.சி.எல். என்னும் கட்டளை மொழி. அடுத்துத் திரையில் சாளரம் வரையும் டி.கே.; பின்னர் ஓ.டி.சி.எல்.; அதன் பின்னர் இரு மொழிகளையும் இணைக்கும் டி.சி.எல்.சி.எல்.; இவை அமைந்த பின்னரே என்.எஸ்.; அதனைத் தொடர்ந்து, பொதிகளின் ஓட்டத்தைப் படமாகக் காட்டும் நாம் என்னும் கருவி. முன்னது அமையாவிடின் பின்னது அமையாது. ஏணியின் முதற்படி உடைந்திருக்க, மூன்றாம் படியைச் செப்பனிடுவதில் பயனில்லை. எனவே பிழை நேரின், எவ்வுறுப்பில் முதன்முதலாக நேர்ந்தது என்று அறிதலே முதற்கடமை.

கட்டிற்கு வெளியே இருந்து வரவேண்டிய உறுப்புகளும் உள. நிரல்பெயர்ப்பியும், அதனை முறைப்படி ஏவும் 'மேக்' என்னும் கருவியும், எக்ஸ் சாளர அமைப்பின் தலைப்புக் கோப்புகளும் முன்னரே கணினியில் இருத்தல் வேண்டும். சாளர அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தாலும், அதனைப் பயன்படுத்தி நிரல் எழுதுவதற்குரிய தலைப்புக் கோப்புகள் உபுண்டு போன்ற வெளியீடுகளில் தனியே நிறுவப்பட வேண்டியவை. இவ்வேறுபாட்டை அறியாமையால், டி.கே. என்னும் இரண்டாம் படியிலேயே தடுக்கி விழுவோர் பலர்.

நிரல் நின்ற இடம்

முன்னுறுப்புகள் யாவும் அமைந்து, என்.எஸ். பெயர்க்கப்படும் வேளையில், 2012ஆம் ஆண்டு முதல் பல மாணவர்கள் ஒரே இடத்தில் தடைபட்டு நின்றனர். திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும், இறுதியில் 'என்.எஸ். மேக் தவறியது' எனும் பொருள்பட ஓர் அறிவிப்பு நிற்கும். அவ்விறுதி வரி நோயின் பெயரைச் சொல்லுமேயன்றி நோயின் காரணத்தைச் சொல்லாது. காரணம் அதற்கு மேலே, ஓடி மறைந்த வரிகளில் உள்ளது. 'லிங்க்ஸ்டேட்' என்னும் கோப்புறையில் உள்ள தலைப்புக் கோப்பின் 137ஆம் வரியில், 'ஈரேஸ்' என்னும் பெயர் அறிவிக்கப்படவில்லை என்று நிரல்பெயர்ப்பி குறை கூறியிருக்கும். அம்மட்டோடு நில்லாது, அப்பெயருக்கு முன்னே 'திஸ்' என்னும் சொல்லை அம்புக்குறியுடன் சேர்த்து எழுதுக என்று திருத்தத்தையும் தானே கூறியிருக்கும். நோயும் மருந்தும் ஒரே சீட்டில் எழுதப்பட்டிருக்க, சீட்டின் அடிவரியை மட்டும் படித்து மனம் தளர்வது போன்றது பலர் செய்கை.

அவ்வரி செய்யும் வேலை யாது? பிணையத்தில் எவ்வழி குறுகியது என்று கணக்கிடும் பகுதி, தான் குறித்து வைத்துள்ள அட்டவணை முழுவதையும் அழித்து வெறுமையாக்க வேண்டிய சமயம் உண்டு. 'தொடக்கம் முதல் இறுதி வரை அழிக்க' என்று அவ்வரி ஏவுகிறது. ஆனால் 'அழிக்க' என்னும் ஏவல் யாரை நோக்கியது என்பது அவ்வரியில் சொல்லப்படவில்லை. தமிழாசிரியர்க்கு இது புதியதன்று. 'நேற்று வந்தான்' என்னும் தொடரில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. எனினும் 'அவன்' என்பதைக் கேட்போர் வருவித்துக்கொள்வர். இதனைத் தோன்றா எழுவாய் என்கிறோம் என்று மாணவர்க்குக் கற்பிப்பர். அவ்வரியிலும் இத்தகைய தோன்றா எழுவாய் ஒன்று உண்டு. 'இந்த அட்டவணையே' என்பதே அது. எழுதியோர் அதனைக் கூறாது விட்டனர். பழைய நிரல்பெயர்ப்பி அதனைத் தானே வருவித்துக்கொண்டு பொருள் கண்டது.

2012ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜி.சி.சி.யின் 4.7ஆம் பதிப்பு வெளிவந்தது. அஃது இவ்விடத்தில் எழுவாயை வருவித்துக்கொள்ள மறுத்தது. 'யார் என்று கூறுக' எனக் கேட்டு நின்றது. என்.எஸ். 2.35 வெளிவந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன.

இலக்கணம் பழையது, கண்டிப்புப் புதியது

புதிய பதிப்பு ஏன் அங்ஙனம் மறுத்தது? அது வேண்டுமென்றே இடையூறு செய்ததா? அன்று. சி பிளஸ் பிளஸ் மொழியில் வார்ப்புரு என்னும் அமைப்பு உண்டு. எண், எழுத்து முதலிய எவ்வகைத் தரவிற்கும் பொருந்துமாறு, வகையைக் குறிப்பிடாது எழுதி வைக்கும் பொதுவடிவமே வார்ப்புரு. மேற்கூறிய அட்டவணையும் அத்தகைய வார்ப்புருவே. மற்றொரு வார்ப்புருவைத் தாயாகக் கொண்டு பிறந்தது. 'ஈரேஸ்' என்னும் தொழில் அத்தாயிடம் உள்ளது. ஆனால் வகை இன்னதென்று தெரியாத நிலையில், தாய் இன்னாள் என்பதும் முடிவாகத் தெரியாது. எனவே, தாயிடமிருந்து பெறும் தொழில் எனில் அதனை வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும். குறிக்காவிடின் நிரல்பெயர்ப்பி தாயிடம் சென்று தேடுதல் கூடாது. இதுவே விதி.

இவ்விதி 2012இல் புதிதாக வகுக்கப்பட்டதன்று. 1998ஆம் ஆண்டில் வெளிவந்த சி பிளஸ் பிளஸ் மொழியின் முதல் உலகத் தரநிலையிலேயே இஃது உள்ளது. முன்னைய நிரல்பெயர்ப்பிகள் விதியை முற்றக் கடைப்பிடியாது, மாணவன் பிழையைக் கண்டும் காணாதது போல் மதிப்பெண் வழங்கும் ஆசிரியரைப் போல, நெகிழ்ந்து கொடுத்தன. இலக்கணம் மாறவில்லை, ஆசிரியர் கண்டிப்பானார். நெகிழ்ச்சியை நம்பி எழுதப்பட்ட வரி, கண்டிப்பு வந்த நாளில் பிழையாயிற்று.

கண்டிப்பு அத்துடன் முடிந்ததுமன்று. 2016ஆம் ஆண்டில் வந்த ஜி.சி.சி. 6ஆம் பதிப்பு, கட்டளை ஏதும் தரப்படாவிடின் 2014ஆம் ஆண்டுத் தரநிலையின்படியே நிரலைப் படிக்கலாயிற்று. அதுவரை 1998ஆம் ஆண்டு மரபே அடிப்படையாக இருந்தது. 2020ஆம் ஆண்டில் வந்த 10ஆம் பதிப்பு, சி மொழியில் ஒரே பொதுப்பெயரைப் பல கோப்புகளில் அறிவித்து வைக்கும் பழைய வழக்கத்தையும் பிழையெனக் கொண்டது. இங்ஙனம் ஒவ்வொரு படியிலும், பழைய நிரல் புதிய தேர்வு ஒன்றை எழுத வேண்டியதாயிற்று.

மூவகைத் தீர்வு

இவ்விடர்ப்பாட்டிற்கு மூவகைத் தீர்வுகள் வழக்கில் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு.

முதலாவது, நிரலைத் திருத்துதல். 137ஆம் வரியில் 'திஸ்' என்னும் சொல்லை அம்புக்குறியுடன் சேர்த்தால் தோன்றா எழுவாய் தோன்றும் எழுவாயாகிவிடும், தடையும் நீங்கும். வரியின் பொருள் சிறிதும் மாறுவதில்லை. இதுவே இலக்கண நெறிக்கும் உகந்தது. ஆனால் நிரல்பெயர்ப்பி புதிதாகுந்தோறும் திருத்த வேண்டிய இடங்களும் பெருகும். காரணம் அறியாது கண்டபடி திருத்தினால், பாவனையின் முடிவே மாறிவிடும் அச்சமும் உண்டு. ஆகலின் ஒவ்வொரு திருத்தத்தையும் தனியே குறித்து வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பழைய நிரல்பெயர்ப்பியைப் பயன்படுத்துதல். லினக்ஸில் ஒரே கணினியில் ஜி.சி.சி.யின் பல பதிப்புகள் அடுத்தடுத்து வாழ இயலும். 4.8ஆம் பதிப்பை நிறுவி, என்.எஸ். உறுப்புகளின் மேக் கோப்புகளில் அதன் பெயரைக் குறித்து இயக்குவோர் பலர். உபுண்டுவின் புதிய வெளியீடுகளில் அப்பதிப்பு இல்லாமையால், பழைய வெளியீட்டின் களஞ்சியத்தைச் சேர்த்துப் பெறுகின்றனர். 4.8 என்பது 4.7க்குப் பிற்பட்டது, ஆதலின் 137ஆம் வரியின் திருத்தம் அப்போதும் வேண்டும் என்பதை மறத்தலாகாது. பிற்காலப் பதிப்புகள் எழுப்பும் ஏனைய தடைகளே இவ்வழியால் நீங்கும்.

மூன்றாவது, சூழல் முழுவதையும் பாதுகாத்தல். கணினிக்குள் கணினியாக இயங்கும் மெய்நிகர்க் கணினியிலோ, 2013ஆம் ஆண்டில் அறிமுகமான டாக்கர் போன்ற கொள்கலன் அமைப்பிலோ பழைய லினக்ஸ் வெளியீட்டையும் பழைய நிரல்பெயர்ப்பியையும் என்.எஸ். நிரலையும் ஒன்றாக வைத்துப் பூட்டிவிடலாம். செடியை வேரோடும் வேரைப் பற்றிய மண்ணோடும் எடுத்து வைப்பது போன்றது இது. வேறு கணினிக்குக் கொண்டு செல்வதும் எளிது. ஆயினும் உள்ளிருக்கும் பழைய மென்பொருள்களின் பாதுகாப்புக் குறைகளும் உடன் வருமாதலின், அதனை இணையத்திற்குத் திறந்து வைத்தல் தகாது.

டெபியன், உபுண்டு ஆகிய வெளியீடுகள் என்.எஸ்.-2 நிரலைத் திருத்திப் பெயர்த்து ஆயத்தப் பொதியாகவும் வழங்கியுள்ளன. பயிற்சி பெறும் மாணவர்க்கு அது போதும். தாம் வகுத்த புதிய முறையை மூலநிரலில் சேர்த்துச் சோதிக்க விரும்பும் ஆய்வாளர்க்கு அது போதாது. அவர் மீண்டும் அடுப்பு மூட்டியே ஆகவேண்டும்.

என்.எஸ்.-3 என்னும் புதிய நிரலுக்கு மாறிவிடலாமே எனில், அது வேறொரு நூல் என்பதை உணர்தல் வேண்டும். 2006ஆம் ஆண்டில் அத்திட்டம் தொடங்கி, 2008ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் முதற்பதிப்பு வந்தது. அதில் ஓ.டி.சி.எல். இல்லை, சி பிளஸ் பிளஸ் அல்லது பைத்தான் மொழியிலேயே அமைப்பும் எழுதப்படும். எனவே என்.எஸ்.-2க்கென எழுதிய குறிப்புகள் அதில் இயங்கமாட்டா. புதிய ஆய்விற்கு என்.எஸ்.-3 ஏற்றது, பழைய ஆய்வைச் சரிபார்க்கப் பழைய நிரலே வேண்டும். அன்றியும், என்.எஸ்.-3 மூப்படையாதது என எண்ணுதலும் தவறு. அதன் முந்திய பதிப்புகள் 'வாஃப்' என்னும் கட்டமைப்புக் கருவியின் வழியே பைத்தான் 2ஐச் சார்ந்திருந்தன. 2020ஆம் ஆண்டு தொடக்கத்தோடு பைத்தான் 2இன் ஆதரவு முடிவுற்றது. 2022இல் வந்த 3.36ஆம் பதிப்பில் 'வாஃப்' நீங்கிச் 'சிமேக்' இடம்பெற்றது. பழைய பாடநூல்களில் உள்ள கட்டளைகளை அப்படியே தட்டச்சு செய்யும் மாணவர், புதிய பதிப்பில் அவை இல்லாமை கண்டு திகைப்பர்.

இயங்கினால் போதுமா?

நிறுவல் முடிந்த பின்னர், நிரலும் அதன் நூலகங்களும் இருக்கும் இடத்தைச் சூழல் மாறிகளில் குறித்தல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடின், வீட்டில் இருக்கும் பொருளையே 'இல்லை' என்று கணினி கூறும். பின்னர் முனையத்தில் 'என்.எஸ்.' எனத் தட்டினால் விழுக்காட்டுக் குறி ஒன்று தோன்றிக் கட்டளைக்குக் காத்து நிற்கும். பலர் அதனைக் கண்டதும் பணி முடிந்ததென மகிழ்வர். உண்மையில் பணி அங்கேதான் தொடங்குகிறது.

நிரல் இயங்குவது வேறு. சரியாக இயங்குவது வேறு. இதன்பொருட்டே 'வேலிடேட்' என்னும் சோதனைக் கோப்பு கட்டில் வைக்கப்பட்டுள்ளது. அது பல பாவனைகளை ஒவ்வொன்றாக இயக்கி, வரும் விடையை முன்னரே சேமித்து வைத்துள்ள விடையோடு ஒப்பிடும். இச்சோதனைக்கு நேரம் பிடிக்கும் என்பதால் இதனைத் தவிர்ப்போர் பலர், தவிர்த்தல் தகாது.

பாவனையின் விடையாவது, தடக்கோப்பு எனப்படும் நீண்ட பதிவே. கம்பி இணைப்புகளுக்குரிய தடக்கோப்பில் ஒவ்வொரு வரியும் 12 கூறுகள் கொண்டது. முதற்கூறு ஒரே ஒரு குறி: கூட்டற்குறி எனில் பொதி வரிசையில் சேர்ந்தது, கழித்தற்குறி எனில் வரிசையினின்று வெளியேறியது, ஆங்கில 'ஆர்' எனில் பெறப்பட்டது, 'டி' எனில் கைவிடப்பட்டது. அடுத்து நேரம், புறப்பட்ட கணு, சேரும் கணு, பொதியின் வகை, அளவு முதலியன வரும். எத்தனை 'டி' வரிகள் உள்ளன என்று எண்ணினாலே இழப்பின் அளவு புலப்படும்.

பாவனையில் தற்செயல் எண்களும் பயன்படுகின்றன. எனினும் அவை கணக்கின்வழி பிறப்பனவே. 'விதை' எனப்படும் தொடக்க எண் ஒன்றாயின், பின்வரும் எண்களும் ஒன்றாகவே அமையும். ஆதலின் ஒரே நிரலை ஒரே விதையுடன் இயக்குவோர் ஒரே விடையைப் பெறுதல் கூடும். மெய்யான பிணையத்தில் ஒருபோதும் கிட்டாத வாய்ப்பு இது. இவ்வாய்ப்பைப் பயன்படுத்துவோர் எத்துணையர் என்பதே வினா.

ஆய்வுலகம் காட்டிய குறை

2005ஆம் ஆண்டில் குர்கோவ்ஸ்கி, கேம்ப், கோலக்ராசோ என்னும் மூவர் இவ்வினாவை எழுப்பினர். கம்பியில்லாத் தற்காலிகப் பிணையங்களைப் பற்றிய மோபிஹாக் என்னும் உலக ஆய்வரங்கில், 2000 முதல் 2005 வரை வெளிவந்த 151 கட்டுரைகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 114 கட்டுரைகள் பாவனையைத் துணைகொண்டவை. அந்த 114இல் 34 கட்டுரைகள், எப்பாவனை நிரலைப் பயன்படுத்தின என்பதையே குறிப்பிடவில்லை. குறிப்பிட்ட 80இல் 35 கட்டுரைகள் என்.எஸ்.-2 நிரலைப் பயன்படுத்தியவை. நிரலின் பெயரே தெரியாதபோது, பதிப்பும் விதையும் தெரிவது எங்ஙனம்? அக்கட்டுரைகளின் முடிவுகள் பொய் என்பதன்று இதன் பொருள். மெய்யென்று நிறுவும் வழியை எழுதியோரே அடைத்துவிட்டனர் என்பதே பொருள்.

எனவே, பாவனையால் ஒரு முடிவைக் கண்டவர் அதனுடன் சேர்த்து வைக்க வேண்டியவை ஐந்து. நிரலின் பதிப்பும் அதில் தாம் செய்த திருத்தங்களும் முதலாவது. நிரல்பெயர்ப்பியின் பெயரும் பதிப்பும் இரண்டாவது. இயங்குதளத்தின் வெளியீடு மூன்றாவது. பிணையத்தின் அமைப்பைக் கூறும் குறிப்புக் கோப்பு நான்காவது. விதை எண் ஐந்தாவது. இவ்வைந்தும் ஒரு தாளின் பாதியில் அடங்கிவிடும். இவை இல்லாவிடின், பின்வருவோர் வாரக்கணக்கில் பிழை வரிகளோடு போராடி, முடிவில் பெற்ற விடை பழைய விடைதானா என்பதை அறியாது நிற்பர்.

கணினிப் பாடம் கற்பிப்போர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. நிறுவும் கட்டளைகளை மட்டும் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தால், மாணவர் அவற்றை மந்திரம்போல் தட்டச்சு செய்வர். அடுத்த ஆண்டு மந்திரம் பலிக்காதபோது செய்வதறியார். பிழை அறிவிப்பை முதல்வரியிலிருந்து படிக்கவும், எவ்வுறுப்பில் தடை என அறியவும், காரணம் கண்ட பின்னரே திருத்தவும் பழக்குதல் வேண்டும். அங்ஙனம் பழகிய மாணவர்க்கு 137ஆம் வரி ஒரு தடையன்று. மொழியின் இலக்கணத்தைக் கற்பித்த ஒரு பாடம்.

அம்மாணவர் அவ்வரியைத் திருத்த முடிந்தது எதனால் என்பதையும் சிந்தித்தல் வேண்டும். மூலநிரல் மூடி மறைக்கப்பட்டிருப்பின், நிரல்பெயர்ப்பி மாறிய நாளிலேயே அது பயனற்றுப் போயிருக்கும். செப்பனிடுவதற்கு வழியே இருந்திராது. திறந்து வைக்கப்பட்டிருந்தமையால், ஒரு சொல்லைச் சேர்த்து அதற்கு மீண்டும் உயிரூட்ட இயன்றது. நிரலைத் திறந்து வைத்தல், அது நின்ற சூழலை எழுதி வைத்தல் ஆகிய இரண்டுமே கணினிவழி பெற்ற அறிவை நூலைப் போல் நிலைக்கச் செய்வன. எழுவாய் தோன்றாத தொடரைக் கேட்போர் உய்த்துணரலாம். சான்று தோன்றாத முடிவை எவராலும் உய்த்துணர இயலாது.